மாப்பிள்ளையும் அண்ணியின் இடது கையும்

அந்தக் கப்பலில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். உண்மையில் அவளை அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஆள் ஒருவன்தான் இருந்தான். அவள் கணவனின் தம்பி, காற்றாலைக் கோபுரத்தில் ஏறி வேலை செய்யும் ஆட்களுக்குத் தலைவன். அவன் ரேடியோவில் "அண்ணி, கொஞ்சம் இறக்குங்க", "அண்ணி, நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லி, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. சமையற்காரர் அண்ணி என்றார். கேப்டன் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், பேரன் பேத்தி எடுத்தவர். அவரும் அண்ணி என்றார். முதலில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. போகப்போக யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடும் அளவுக்கு வந்துவிட்டது.

அண்ணிக்கு வேலை க்ரேன் ஓட்டுவது. கடலில் காற்றாலை நடுவது. இருபது வருடமாக அவள் ஓட்டியதெல்லாம் கால் ஊன்றும் கப்பல்களில். அந்தக் கப்பல்கள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனதும் இரும்புக் கால்களைக் கடலடியில் ஊன்றி, உடம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, கட்டடம் மாதிரி அசையாமல் நிற்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த தொழில் வேறு இருக்காது. ஆனால் கரையோரக் கடலில் இடம் தீர்ந்துபோனது. நல்ல காற்று வேண்டுமென்றால் ஆழத்துக்குப் போ என்றாகிவிட்டது. ஆழத்தில் எந்தக் காலும் எட்டாது.

ஆகவே இந்தப் புதுக் கப்பல். இதற்குக் காலே கிடையாது. அடியில் இருக்கும் பெரிய விசிறிகள் இப்படியும் அப்படியும் சுழன்று இதை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும். இடம்தான் மாறாது, அலை ஏறினால் கப்பலும் ஏறும், அலை சாய்த்தால் சாயும். கோபுரமோ கடலடியிலிருந்து எழும்பிய இரும்புச் சட்டகத்தின் மேல் அசையாமல் நிற்கும். ஆடுகிற கப்பலிலிருந்து, ஆடாத கோபுரத்தின் உச்சியில், ஐந்நூறு டன் எடையுள்ள இயந்திர அறையைக் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் இருந்துகொண்டு நடைபாதையில் நிற்பவன் சட்டைக்குப் பொத்தான் போடுகிற வேலை. முடியவே முடியாது என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேர் அந்தக் கப்பலிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வேலைக்காக க்ரேனில் புதிதாக ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். கப்பல் எவ்வளவு ஆடுகிறது என்று அது கணித்து, அதே அளவுக்கு எதிர்ப்பக்கமாக க்ரேனை அசைத்து, தொங்குகிற பாரம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும். அப்படித்தான் சொன்னார்கள். கப்பலில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். பணத்தை வாரி இறைத்துக் கொண்டுவந்தது, தனியாக ஏசி அறை கொடுத்தாயிற்று, முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், என்ன வேலை செய்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்தக் கருவியோடு கூடவே வந்த இன்ஜினியர் பெண்ணுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. இருந்தாலும் மாப்பிள்ளையை யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருவாள். அதனால் அவளுக்கு மாமியார் என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

முதல் கோபுரத்தில் முதல் முயற்சி நடந்த அன்று கடல் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. அந்த இயந்திர அறையை எல்லோரும் தலை என்றுதான் சொல்வார்கள். தலையின் அடியில் வட்டமாக போல்ட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கோபுரத்தின் விளிம்பில் அவற்றுக்கு நேராக ஓட்டைகள். மற்றவற்றைவிட நீளமாக இரண்டு வழிகாட்டிக் கம்பிகள் உண்டு. அவை முதலில் நுழைந்துவிட்டால் மற்றவை ஆட்டுமந்தைபோலப் பின்னாலேயே வந்துவிடும். அண்ணி தலையைத் தூக்கி, கோபுரத்துக்கு மேலே கொண்டுபோய், கொழுந்தன் சொன்னபடி இறக்கினாள். விளிம்புக்குக் கிட்டத்தில் வந்ததும் தலை ஆடத் தொடங்கியது. முதலில் சாண், அப்புறம் முழம். அடங்கும் அடங்கும் என்று பார்த்தாள்; அது வளர்ந்தது. ஒரு கம்பி விளிம்பில் மோதி வளைந்தது. அந்த இடத்தில் நின்ற கோபுரத்து ஆள் ஒருவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். கை வந்துவிட்டது. கையுறை வரவில்லை.

"தூக்கு!" என்று கொழுந்தன் ரேடியோவில் கத்தினான். அவன் அவளிடம் மரியாதையில்லாமல் பேசியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

அன்று மாலைக் கூட்டத்தில் அந்தக் கையுறையைக் கொண்டுவந்து மேசை நடுவில் போட்டான். ரோலர் ஏறிய மாதிரி தட்டையாக இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. யாரும் அதிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

அண்ணி தன் பக்கத்தைச் சொன்னாள். தலையைச் சுற்றித் திருப்புவது இடது லீவர், ஏற்றி இறக்குவது வலது லீவர். மாப்பிள்ளை வேலை செய்யும்போது இடது லீவரை அசைக்கவே கூடாது என்பது சட்டம். "மேல வெச்சிருந்தேன், அவ்வளவுதான். என் இடது கை அசையவே இல்லை. ஆட்டினது மாப்பிள்ளைதான்" என்றாள்.

மாமியார் மெதுவாகத்தான் பேசினாள். மாப்பிள்ளை தன் கணக்குப்படிதான் நடந்திருக்கிறது, ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஆட்டியதுபோல ஆட்டம் இரட்டிப்பாக இருந்திருக்கிறது என்றாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திட்ட மேலாளர் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்தார். எல்லோருக்கும் கேட்டது. கூடம் உண்மையிலேயே கோணலாக ஆடிக்கொண்டிருந்த ஒரே இடம் அந்தக் கப்பல்தான் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் தெம்பு இல்லை.

கொழுந்தன்தான் கடைசியில் பேசினான். "வேற ஆளைப் போடுங்க. இவங்க க்ரேன்ல இருந்தா என் ஆளுங்க மேல ஏற மாட்டாங்க."

இவங்க என்றான். அண்ணி என்று சொல்லவில்லை. வளைந்த கம்பி அவள் நெஞ்சிலேயே இறங்கியதுபோல இருந்தது.

மேலாளர் முடிவைச் சொன்னார். வேறு கடலில் மிதக்கும் கப்பலில் ஓட்டிப் பழகிய ஒருவரை வரச்சொல்லியாயிற்று. அவர் துறைமுகத்துக்கு வந்துசேர நாளாகும். இங்கே கம்பியை மாற்ற இரண்டு நாள். அதன் பிறகு ஒரே ஒரு நாள் கடல் அடங்கியிருக்கும், அப்புறம் வாரக்கணக்கில் கொந்தளிப்பு என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கோபுரத்து ஆட்கள் சம்மதித்தால் அந்த ஒரு நாளில் அண்ணி மறுபடி முயன்று பார்க்கலாம். சம்மதிக்காவிட்டாலோ, முயன்று முடியாவிட்டாலோ கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பும். அவள் இறங்குவாள், புது ஆள் ஏறுவார்.

இறங்கினால் இறங்கினதுதான் என்று அவளுக்குத் தெரியும். இனிமேல் வேலையெல்லாம் ஆழத்தில். ஆழத்தில் ஒரு தலையை மோதவைத்து இறங்கிப்போனவளுக்கு இன்னொரு கப்பலில் யார் சாவி கொடுப்பார்கள்? இந்த வயதில் கரையில் உட்கார்ந்து சரக்குப் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

கூட்டம் கலைந்ததும் அண்ணி நேராக மாப்பிள்ளையின் ஏசி அறைக்குப் போனாள். கருவியில் ஏதாவது ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் வெளியே வருவதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் போனாள். க்ரேன் கேபினில் ஒரு கேமரா உண்டு. அதில் பதிவானதைப் போட்டுக் காட்டச் சொன்னாள். மாமியார் போட்டுக் காட்டினாள்.

திரையில் அண்ணி அவளையே பார்த்தாள். முதுகு நேராக, கண் தலை மேல், வலது கை சொன்ன வேலையைச் செய்துகொண்டு. இடது கை லீவரின் மேல் சும்மா வைத்த மாதிரிதான் இருந்தது. சும்மா இல்லை. கப்பல் சாயும்போதெல்லாம் அது ஒரு நகக்கண் அளவு போனது, வந்தது. போனது, வந்தது. அவளைக் கேட்காமலே.

"இன்னொரு தடவை போடு" என்றாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறையும் பார்த்தாள்.

அந்த அசைவுக்கு அவள் தொழிலில் ஆட்டத்தைப் பிடிப்பது என்று பெயர். காற்றில் பாரம் ஊஞ்சலாடினால் அது போகிற பக்கமே க்ரேனையும் கொஞ்சம் விட்டு ஆட்டத்தைச் சாகடிப்பது. கால் ஊன்றிய கப்பல்களில் அவளளவுக்கு ஆட்டம் பிடிக்கத் தெரிந்த கை இல்லை என்று பேரெடுத்தவள். அந்தப் பேரெடுத்த கைதான் இங்கே கெடுத்தது. மாப்பிள்ளை ஒரு பக்கம் ஆட்டத்தைப் பிடிக்க, அவள் கையும் அதே ஆட்டத்தைப் பிடிக்க, ஒரே பானையில் இரண்டு பேர் உப்புப் போட்ட கதையாகிவிட்டது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சொந்தபந்தத்துக்குச் சொல்வார்கள். அண்ணிக்கு அது லீவரிலேயே நடந்தது.

வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. அத்தனை பேர் முன்னால் என் கை அசையவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாளே. பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. உண்மை என்று நம்பியல்லவா சொன்னாள்.

"நீ சொன்னதுதான் சரி. மாப்பிள்ளை மேல தப்பில்லை" என்றாள்.

மாமியார் அதைக் கேட்டு வெற்றிச் சிரிப்பு சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. நாளைக்கு ஒரு இரும்புப் பாளத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பழகிப் பார்க்கலாம், நானும் கேபினிலேயே உட்கார்கிறேன் என்றாள். அந்த நிமிடத்திலிருந்து அண்ணிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் பழகினார்கள். இதில்தான் ஒரு கொடுமை. தெரிந்துகொண்டால் திருந்திவிடலாம் என்பதெல்லாம் மனசுக்குத்தான், கைக்குப் பொருந்தாது. அசையாதே, அசையாதே என்று அண்ணி வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். கப்பல் சாய்ந்தது, கை போனது. லீவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாரம் லேசாக ஆடினதும் மடியிலிருந்த கை லீவருக்குத் தாவியது. அவளுக்கே அது தாவினபிறகுதான் தெரிந்தது. மாமியார் பக்கத்திலிருந்து, "அண்ணி, கை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அண்ணி, கை."

இடது லீவரின் இணைப்பையே துண்டித்துவிடலாமா என்று கேட்டாள் மாமியார். கேட்டவளே தலையை ஆட்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆகி நின்றுபோனால் தலையைக் கோபுரத்து ஆட்களின் மேலிருந்து திருப்பி விலக்க அந்த லீவர் ஒன்றுதான் வழி. கை அதன் கிட்டத்தில் இருக்கவும் வேண்டும், அதைத் தொடவும் கூடாது. கட்டிப்போடவும் முடியாது, அவிழ்த்துவிடவும் முடியாது. சொந்தக் கையே இப்படிச் சண்டித்தனம் பண்ணினால் யாரிடம் போய் முறையிடுவது?

சாயங்காலம் வீட்டுக்கு போன் பண்ணினாள். அவள் கணவன் நகரத்து பஸ்ஸில் டிரைவர். டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தான். தம்பி எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தான். இந்த விஷயத்தில் நான் குறுக்கே வரமாட்டேன், அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய்யாகத் தேற்றாத மனுஷன் என்பதால்தான் அவனிடம் பேசவே தோன்றியது. கை அடங்க மாட்டேன் என்கிறது என்று அழாத குறையாகச் சொன்னாள்.

அவன் சிரித்தான். "கார்ல என் பக்கத்துல உட்கார்ந்தா என்ன பண்ணுவே நீ?"

"என்ன பண்ணுவேன்?"

"இல்லாத பிரேக்கை மிதிப்பே. நான் பஸ் ஓட்டுறவன், எனக்கே பிரேக் போடுவே. கால் வலிக்குதுன்னு வேற சொல்லுவே. கடைசில என்ன பண்ணினோம்?"

அவளுக்கு ஞாபகம் வந்தது. காலைத் தூக்கி சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்காரச் சொன்னான். கால் அவளுடைய பாரத்தின் அடியிலேயே மாட்டிக்கொண்டது. அதற்கு எழுந்திருக்க வேண்டுமென்றால் அவளிடம் கேட்டாக வேண்டும். அந்தப் பிரயாணத்தில்தான் அவள் முதல் தடவையாக ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தாள்.

போனை வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இடது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். சட்டென்று உருவிப் பார்த்தாள். கண் இமைக்கிற நேரத்தில் வந்தது. மறுபடி செருகினாள், மறுபடி உருவினாள். அறையில் கூட இருந்த சமையலறைப் பெண் இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தது கொழுந்தன். அதுதான் தலையைத் தூக்குவதைவிடப் பெரிய பாரம். அவன் போல்ட் வைக்கும் அறையில் ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே வந்ததைப் பார்த்தும் நிமிரவில்லை.

"தப்பு என் கை மேலதான் தம்பி. கேமரால பார்த்துட்டேன். எல்லார் முன்னாலயும் மாப்பிள்ளை மேல பழி போட்டேன், அதுவும் தப்பு" என்றாள்.

அவன் போல்ட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்தான். "அந்தப் பையனுக்குக் கைக்குழந்தை இருக்கு. அந்தக் கையாலதான் தூக்கணும்."

"தெரியும்."

"இப்ப மட்டும் கை சும்மா இருக்குமா?"

அவள் போல்ட் பெட்டியின் மேல் உட்கார்ந்து, இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக் காட்டினாள். கொழுந்தன் வாயில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டான். மாப்பிள்ளை நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். அவள் உருவிக் காட்டினாள். இன்னொரு தடவை என்றான். மறுபடி உருவினாள். திரும்பிக்கொண்டு அடுத்த போல்ட்டை எடுத்தான். அவன் சம்மதித்தானா இல்லையா என்று தெரியாமலே அவள் வெளியே வந்தாள்.

கடல் அடங்கிய நாள் விடிந்தது. காலைக் கூட்டத்தில் மேலாளர் கோபுரத்து ஆட்களின் சம்மதத்தைக் கேட்டார். கொழுந்தன் எழுந்து, "என் ஆளுங்க கீழ்த்தளத்துல நிப்பாங்க. மேல கம்பிகிட்ட நான் மட்டும் நிக்கிறேன்" என்றான். அண்ணி பக்கம் திரும்பி, "க்ரேன், தயாரா?" என்றான்.

க்ரேன் என்கிறான். சரி, வேண்டாம் என்று சொல்லவில்லையே. "தயார்" என்றாள்.

தலை கப்பலின் தளத்திலிருந்து எழும்பியபோது சமையற்காரர் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். ஐந்நூறு டன் ஆகாயத்தில் ஏறுவதைப் பார்க்க எத்தனை தடவையானாலும் அலுக்காது. அது ஏறும்போது பார்க்கிறவன் நெஞ்சும் கூடவே ஏறும். கோபுரத்தின் உயரத்தைத் தாண்டியதும் அண்ணி அதை இடது லீவரால் திருப்பி, விளிம்புக்கு நேர் மேலே கொண்டுவந்து நிறுத்தினாள். பக்கத்தில் இருந்த மாமியாரிடம், "உன் மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்றாள். கருவி வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளமாகப் பச்சை விளக்கு எரிந்தது. அண்ணி இடது கையை லீவரிலிருந்து எடுத்துத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தாள்.

கேபின் கேமராவைக் கீழே கேப்டனும் மேலாளரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எந்த ஊர்ப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது என்று மேலாளர் கேட்டாராம். பேசாமல் பாருங்கள் என்றாராம் கேப்டன்.

வலது கை மெல்ல இறக்கியது. கம்பிக்கும் ஓட்டைக்கும் இடையே ஓர் ஆள் உயரம், பிறகு இடுப்பளவு, பிறகு ஒரு முழம். கையின் அரிப்பு அண்ணிக்குத் தோள்வரை ஏறிவிட்டது. கண்ணுக்கு முன்னால் தலை போகிறது, வருகிறது. விரல்கள் தொடைக்கு அடியில் சிறைப்பட்ட எலி மாதிரி பிராண்டின. நீ எவ்வளவு வேண்டுமானாலும் பிராண்டிக்கொள் என்று இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கேப்டனின் குரல் வந்தது. எங்கோ தூரத்துப் புயலின் அலை மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, பெரியவை. மேலாளர் குறுக்கிட்டு, தூக்கிக்கொண்டு விலகிவிடலாம் என்றார். விலகினால் அன்றைக்கு அவ்வளவுதான். மேற்கே காற்று ஏறத் தொடங்கிவிட்டது. அண்ணி வலது கையையும் நிறுத்தினாள்.

"தம்பி, நான் இப்படியே நிறுத்திவைக்கிறேன். நீ விலகி நில்லு."

"விலகிட்டேன், க்ரேன்."

முதல் அலை வந்தது. கப்பல் ஏறிச் சாய்ந்தது. கேபின் சாய்ந்தது. ஜன்னலில் தலையும் கோபுரமும் அடிவானமும் ஒரே சுற்றாகச் சுற்றின. போச்சு, ஆடுகிறது, பிடி, பிடி என்று இருபது வருடமும் அவள் இடது தோளில் கூச்சல் போட்டது. தொடை கனத்தது. இப்போது பிடிக்காவிட்டால் மோதிவிடும் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரிந்தது. கேமராவில் பார்க்கும்வரை கை அசையவில்லை என்றும் சத்தியமாகத்தானே தெரிந்திருந்தது? தன் கண்ணை நம்புவதா கூடாதா என்று திகைத்தாள்.

"தம்பி, ஆடுதா?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

கொழுந்தன் கம்பியின் நுனியையும் ஓட்டையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"உங்களுக்குத்தான் ஆடுது. எனக்கு ஆடலை. தலை என் எதிர்ல செதுக்கி வெச்ச மாதிரி நிக்குது."

இரண்டாவது அலை வந்தது. இந்த முறை அண்ணி தலையைப் பார்க்கவில்லை. தலைக்கும் விளிம்புக்கும் இடையில் இருந்த அந்த ஒரு முழ வெளிச்சத்தை மட்டும் பார்த்தாள். அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கப்பல் ஆடியது, கேபின் ஆடியது, அவள் ஆடினாள், மாமியார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஆடினாள். அந்த ஐந்நூறு டன் மட்டும் நடுக்கடலுக்கு மேலே, ஆகாயத்தில், ஆணி அடித்துவைத்தது போல நின்றது. இத்தனை நேரமும் ஆடியது தலை இல்லை, தான்தான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. மூன்றாவது அலைக்கு அவள் பயப்படவே இல்லை. தொடைக்கு அடியில் விரல்கள் அடங்கிவிட்டன.

"இறக்குறேன் தம்பி."

"இறக்குங்க. முழம். சாண். நாலு விரல்... கம்பி வாயில இருக்கு. இறக்குங்க, இறக்குங்க. ரெண்டும் நுழைஞ்சிடுச்சு."

பிறகு ஒரு சத்தம் கேட்டது. கேட்டது என்பதைவிட, க்ரேனின் இரும்புவடம் வழியாக அவள் இருக்கைக்கு வந்துசேர்ந்தது என்று சொல்ல வேண்டும். கனமான கதவு தன் நிலையில் பொருந்தி உட்காருகிற சத்தம்.

"உட்கார்ந்துருச்சு" என்றான் கொழுந்தன்.

கேப்டன் கப்பலின் சங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார். விடவே மாட்டேன் என்றார். தளத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சமையற்காரர் கரண்டியால் கம்பித் தடுப்பில் தாளம் போட்டார். முடியவே முடியாது என்று சொன்ன பாதிப் பேர்தான் ரொம்பச் சத்தமாகக் கூவினார்கள். மாமியார் அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணிக்கும் கை தட்ட ஆசையாகத்தான் இருந்தது. இடது கையை வெளியே இழுத்தாள். அது மரத்துப்போய்த் துணிப்பை மாதிரி மடியில் விழுந்தது. அதனால் வலது கையால் தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

போல்ட்களை முறுக்கி, கொக்கியை விடுவித்து, அவள் கேபினிலிருந்து எழுந்திருக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. மேலாளர் ஏணியடியிலேயே காத்திருந்தார். ஆடத் தெரியாதவள் என்ற வாயால் பாராட்டைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. ஆனாலும் மனசாரச் சொன்னார். அந்தப் புது ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

"வரச் சொல்லுங்க சார். இன்னும் முப்பத்தொம்பது தலை இருக்கு. எனக்கு லீவு வேண்டாமா?" என்றாள் அண்ணி.

கொழுந்தன் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தபோது அவள் லீவர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் எண்ணெயும் உப்பும். கேபினுக்குள் இடமில்லாமல் குனிந்து நின்றான். சட்டைப்பையிலிருந்து அந்தத் தட்டையான கையுறையை எடுத்து, வாயை விரித்து, இடது லீவரின் தலையில் குல்லாய் மாதிரி மாட்டினான்.

"இது இங்கேயே இருக்கட்டும். அடுத்த தலைக்கும் கம்பிகிட்ட நான்தான் நிப்பேன்" என்றான். அப்புறம், கையுறையை ஒரு தடவை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "அண்ணி" என்றான்.

இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்த இடது கை இப்போது மறுபடியும் அவளைக் கேட்காமல் எழுந்தது. அது எங்கே போகிறது என்று அண்ணிக்குத் தெரிந்தது. அவள் தடுக்கவில்லை. குனிந்து நின்ற கொழுந்தனின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் அது கீழே இறங்கியது.